வெள்ளிக்கிழமை அணைந்த பெட்டி

அத்தியாயம் ஒன்பது

பெட்டியை உடைப்பதற்கு ஆறு பேர் ஏணியடியில் நின்றார்கள். இரண்டு பேர் கையில் இரும்புக் கம்பி. ஒருவர் தென்னை மட்டையைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தார். கோபம் வந்த அவசரத்தில் அவருக்கு அகப்பட்டது அதுதான் போலும்.

கைருன்னிஸா ராத்தா ஏணியின் முதல் படியில் உட்கார்ந்தார்.

"ஏறுங்க பாப்பம். ஏறுறெண்டா என்ட தலைக்கு மேலாலதான் ஏறணும். இருவத்திரெண்டு வருஷம் பொலிசில குந்தின குந்து இது, லேசில எழும்பாது."

"உண்மதான்," என்றேன் நான். "அவவக் கந்தோர்க் கதிரையில இருந்து எழுப்ப நான் மூணு வருஷமாப் பாக்கிறன்."

ஒருவரும் சிரிக்கவில்லை. எனக்கும் சிரிப்பு வரவில்லை. வாய் பழக்க தோசத்தில் சொல்லிவிட்டது.

என் பெயர் குணம். ஊர் பாண்டிருப்பு. கல்முனையில் ஒரு தையல் கடைக்கு மேல்மாடியில் இருக்கும், ஊரே அக்கா முறையில் கூப்பிடும் ராத்தாவின் துப்பறியும் நிலையத்தில் உதவியாளன், முச்சக்கர வண்டிச் சாரதி, தேத்தண்ணி வாங்குகிறவன் எல்லாம் நான் ஒருவன்தான்.

உடைக்க வந்த பெட்டி மருதமுனை மீனவர் சங்கத்தின் தண்ணீர்த் தாங்கிக்கு மேலே இருந்தது. சப்பாத்துப் பெட்டியை விடக் கொஞ்சம் பெரிது. பக்கத்தில் ஒரு அன்ரெனா, ஒரு சூரியத் தகடு, ஒரு பற்றரி. அவ்வளவுதான், ஆனால் அது ஒரு முழுத் தொலைபேசிக் கோபுரத்தின் வேலையைச் செய்தது. கட்டியவன் பர்ஸான், இந்த ஊர்ப் பொடியன், இருபத்தெட்டு வயது. அதன் வரைபடமும் அதை ஓட்டும் மென்பொருளும் இணையத்தில் சும்மா கிடக்கின்றன. யாரும் எடுக்கலாம், கட்டலாம், திறந்து பார்க்கலாம், திருத்தலாம். பெரிய கம்பனிகளின் சிக்னல் கரையிலிருந்து நாலு கிலோமீற்றரில் செத்துப்போகும். இது இருபது வரைக்கும் எட்டியது. ஆறு மாதப் பரீட்சார்த்த அனுமதியும் இருந்தது. சங்கம் தன் ஊருக்கும் பக்கத்து ஊருக்கும் கொடுத்த சிம்மைச் சாதாரணப் போனில் போட்டால் நடுக்கடலிலிருந்து சங்கத்து மேசைப் போனுக்குக் கதைக்கலாம், செய்தி அனுப்பலாம்.

போன வெள்ளிக்கிழமை அது வேலை செய்யவில்லை.

அன்று காலை, பக்கத்து ஊரான பெரியநீலாவணையிலிருந்து போன தோணி ஒன்றில் நல்லரெத்தினமும் மகன் சுலக்சனும் இருந்தார்கள். வலை, தோணி இயந்திரத்தின் விசிறியில் சுற்றிக்கொண்டது. அறுத்தெடுக்கக் குனிந்த சுலக்சனின் தொடையை விசிறி கிழித்தது, இயந்திரமும் நின்றது. மற்றத் தோணிகள் கண்ணுக்கெட்டாத தூரத்தில். தகப்பன் ஒரு கையால் காயத்தை அமத்திப் பிடித்துக்கொண்டு மறு கையால் இருபத்தேழு தரம் செய்தி அனுப்பினார். ஒன்றும் போகவில்லை. பகல் இரண்டு மணிக்கு மகன் மடியிலேயே செத்தான். மூன்று மணிக்குப் போனும் செத்தது. சனிக்கிழமை விடியத்தான் மருதமுனைத் தோணிக்காரர் கண்டு, கட்டி இழுத்து வந்தார்கள்.

சுலக்சனுக்கு இருபத்து நாலு வயது. என்னோடு கரப்பந்து விளையாடியவன். ஆறு நாளாக எனக்குச் சோறு இறங்கவில்லை. யாருக்காவது கன்னத்தைப் பொத்தி ஒன்று கொடுக்க வேண்டும் போலக் கை துடித்தது. யாருக்கு என்பதுதான் தெரியவில்லை.

ஊருக்குத் தெரிந்திருந்தது. வீட்டில் கட்டிய பெட்டி, தானாக நின்றுவிட்டது, ஒரு பிள்ளையைக் கொன்றுவிட்டது, கட்டியவன் பர்ஸான். கணக்கு முடிந்தது.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு சங்கச் செயலாளர் அப்துல் ஸமட் வந்தார். வெள்ளைச் சாரம், வெள்ளைத் தொப்பி, மரியாதையான முகம். சுலக்சனின் பிரேதத்தைத் தோணியிலிருந்து இறக்கியபோது முதலில் தோள் கொடுத்தவர் அவர்தான்.

"ஆரும் கை வெக்காதீங்க," என்றார். "அஸருக்குப் புறகு கூட்டம். பெட்டிய இறக்கிறது, பர்ஸானைப் பொலிசில பாரம் குடுக்கிறது, ரெண்டுக்கும் தீர்மானம் எடுப்பம். எல்லாம் முறையா நடக்கட்டும். தங்கச்சி, அது வரைக்கும் நீங்களும் தேடிப் பாருங்க. பாவம், பர்ஸான்ட உம்மா அழுதழுது உங்களக் கூப்பிட்டிரிக்கா."

"அஸர் வரைக்கும் போதும், ஸமட் காக்கா," என்றார் ராத்தா. இங்கே அண்ணனைக் காக்கா என்பார்கள்.

மணி பதினொன்று. அஸர் தொழுகைக்கு நாலரை மணித்தியாலம் இருந்தது.

மேலே பர்ஸான் பெட்டியைத் திறந்து காட்டினான். அழுது வீங்கிய கண். மூடியின் உட்புறத்தில் பொலித்தீன் உறை போட்டு ஒரு தாள் ஒட்டியிருந்தது. எப்படித் துவக்குவது, எப்படி நிறுத்துவது, பற்றரி எப்போது மாற்றுவது எல்லாம் அச்சடித்த தமிழில். பெட்டி தானே எழுதி வைக்கும் நாட்குறிப்பை அவன் மடிக்கணினியில் திறந்தான்.

"தானா நிண்டா பெட்டி என்னெண்டு எழுதும்?" ராத்தா கேட்டார்.

"ஒண்டும் எழுதாது ராத்தா. கரண்ட் போனா அரை வரியில நிக்கும். இது முழுசா எழுதியிரிக்கி. இஞ்ச பாருங்க. வியாழக்கிழம பின்னேரம் ஆறு அம்பது, பொத்தான அஞ்சு செக்கன் அமத்தி நிப்பாட்டியிரிக்கி. வெள்ளிக்கிழம பின்னேரம் நாலு பத்து, பொத்தான அமத்தித் துவக்கியிரிக்கி."

"பொத்தான் எங்க இரிக்கெண்டு ஆருக்குத் தெரியும்?"

"எல்லாருக்கும். இதில ஒளிக்க ஒண்டும் இல்ல. ஆரும் பாக்கலாம், ஆரும் பழகலாம் எண்டுதானே கட்டினன்."

"நல்ல வேல செஞ்சாய் தம்பி," என்றேன். "கள்ளனுக்குத் தமிழ்லயே வழிகாட்டி அடிச்சு வெச்சிருக்காய்."

ராத்தா என்னை ஒரு பார்வை பார்த்தார். வாயை மூடிக்கொண்டேன்.

"பூட்டுத் துறப்பு எங்க?"

"சங்கக் கந்தோர் ஆணியில தொங்கும். நிர்வாகத்தில இரிக்கிற ஒம்பது பேரில ஆரும் எடுக்கலாம். நான் வியாழனும் வெள்ளியும் கொழும்பில ராத்தா. அனுமதிய நீடிக்கப் போன நான். இந்தப் பெட்டிக்காகத்தான் போன..." அவன் பற்றரியைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"இதக் கீழ சொன்னாயா?"

"சொன்னன். உன்ட கொம்பியூட்டர் உனக்குத்தானே சாட்சி சொல்லும் எண்டு சிரிக்காங்க. நம்பாட்டி பாலமுனையக் கேளுங்க எண்டன். கேக்க ஆருமில்ல."

இதே வரைபடத்தை வைத்து இதே பெட்டியைப் பாலமுனையிலும் கட்டியிருந்தார்கள். கட்டியது றிஸ்லா என்ற பெண். இரண்டு பெட்டியும் நிமிசத்துக்கு ஒரு தரம் ஒன்றையொன்று சுகம் விசாரித்துக்கொள்ளும், விசாரித்ததை எழுதியும் வைக்கும். ராத்தா அவளை அழைத்து, போனை எல்லாருக்கும் கேட்கும்படி பிடித்தார்.

"ஓம் ராத்தா, என்னட்டயும் அதே மணிதான் இரிக்கி," என்றது றிஸ்லாவின் குரல். "உங்கட பெட்டி செத்துப் போகல்ல. நான் படுக்கப் போறன் எண்டு சொல்லிட்டுத்தான் படுத்திரிக்கி. ஆரோ முறையா அமத்தியிரிக்காங்க."

"நீ கண்டும் ஏன் பர்ஸானுக்குச் சொல்லல்ல?"

"வெள்ளிக்கிழமதானே ராத்தா. துப்புரவாக்குறாங்களாக்கும் எண்டு நெனச்சன்."

ராத்தா தலையாட்டிக்கொண்டு போனை வைத்தார். பிறகு ஏணியைப் பார்த்தபடியே சொன்னார்.

"குணம், இவனொரு விசித்திரமான ஆள்டா. உடைக்க வந்தவனெண்டா உடைச்சிட்டுப் போவான். களவெடுக்க வந்தவனெண்டா தூக்கிட்டுப் போவான். இவன் விளக்க அணைச்சு வெச்சிட்டு, அடுத்த நாள் திரும்பி வந்து கொளுத்திட்டுப் போயிரிக்கான். எதுக்கு?"

அந்த இடத்தில்தான் பர்ஸான், தன் உம்மா கண்டதாக ஒரு விசயத்தைச் சொன்னான். வெள்ளிக்கிழமை காலையில் கூரையில் கம்பி முளைத்த வேன் ஒன்று கரை வீதியில் ஊர்ந்துகொண்டு போனதாம். பெரிய கம்பனி ஒன்றுக்காகச் சிக்னல் அளக்கும் வேன். இன்னும் கல்முனையில்தான் நிற்கிறதாம்.

எனக்கு இரத்தம் தலைக்கேறியது. இலவசப் பெட்டி இருந்தால் கோபுரம் விற்க முடியாதே! கம்பனிக்காரன்தான். ஏணியில் மூன்று படிகளை ஒரே தாவலில் இறங்கினேன்.

கூரையில் கம்பியுள்ள வேனை நிறுத்தக் கல்முனையில் பகல் சாப்பாட்டுக் கடை ஒன்றேயொன்றுதான் உண்டு. மற்ற எல்லாக் கடைக்கு முன்னாலும் மரக் கொப்பு இடிக்கும். போய்ப் பார்த்தோம். வேன் நின்றது. உள்ளே வவுனியாக்காரர் ஒருவர், தனஞ்சயன் என்று பெயர், கணவாய்க் கறியும் சோறும் பிசைந்துகொண்டிருந்தார்.

"சாப்பிடுங்க, சாப்பிடுங்க," என்றேன். "ஒரு உயிரத் திண்ட பிறகும் பசிக்கத்தானே செய்யும்."

அவர் கை சோற்றுக் கோப்பையிலேயே நின்றது. "ஆரைச் சொல்லுறீர்?"

"வெள்ளிக்கிழம மருதமுனைப் பெட்டிய அணைச்சவர."

"எனக்கென்ன விசரே?" அவர் எழுந்தே விட்டார். "நான் சிக்னல் அளக்கிற ஆள். அணைக்கிற ஆளில்லை. எனக்கு அண்டைக்கு லீவு, தெரியுமே? காணிக்காரர் வெள்ளிக்கிழமைதான் வரவேணும் எண்டு நிண்டதாலதான் லீவு நாளில வெயிலுக்க திரிஞ்சனான்."

ராத்தா ஒரு கதிரையை இழுத்து எதிரே உட்கார்ந்தார். "எந்தக் காணிக்காரர் தம்பி?"

கோபம் கொஞ்சம் இறங்கியதும் விளக்கினார். மருதமுனையில் கோபுரம் போட ஒரு காணி தருவதாகத் தலைமைக் கந்தோருக்கு விண்ணப்பம் போயிருக்கிறது. கோபுரம் வந்தால் காணிக்கு மாத வாடகை. ஆனால் அளக்கும்போது அங்கே கடலுக்கு எட்டும் சிக்னல் ஒன்று ஏற்கெனவே இருந்தால், கோபுரம் தேவையில்லை என்று கந்தோர் விண்ணப்பத்தைக் கிழித்துப் போடும்.

"செவ்வாய்க்கிழமை கந்தோரில இருந்து எனக்குச் சொன்னவை. காணிப் பக்கத்து ஆள் போனில கதைச்சவராம், வெள்ளிக்கிழமை வாங்கோ, அண்டைக்கு அந்தச் சின்னப் பெட்டி வேலை செய்யாது எண்டு. திருத்த வேலையாக்கும் எண்டு நினைச்சன்."

"செவ்வாய்க்கிழமை," என்றார் ராத்தா மெதுவாக.

"தடிமன் வாற நாள மூணு நாளைக்கு முந்தியே சொல்ற மூக்கு," என்றேன். இந்த முறை ராத்தா முறைக்கவில்லை.

தனஞ்சயன் பையிலிருந்து விண்ணப்பத்தின் பிரதியை எடுத்துத் தந்தார். காணி இலக்கம், வீதி, சொந்தக்காரரின் பெயர்: றபீக்கா.

"பொம்புளயா?" என்றேன்.

"டேய், இஞ்ச வீடும் வளவும் பொம்புளப் புள்ளைக்குத்தானே எழுதுற. ஆம்புளையத் தேடுறெண்டா பொண்டாட்டிட பேருக்குப் பின்னால தேடணும்." ராத்தா தாளை நாலாய் மடித்துக் கைப்பைக்குள் வைத்தார். முகம் கறுத்திருந்தது. "இந்த றபீக்காட மனுசனை எனக்குத் தெரியும்."

"ஆரு ராத்தா?"

"காணி குடுக்கிறது குத்தமில்ல குணம். பெட்டிய அணைச்சது அவன்தான் எண்டு அவண்ட வாயால வரணும். வண்டிய எடு."

வழியெல்லாம் கேட்டேன். சொல்லவில்லை. மருதமுனையில் எனக்குத் தெரிந்தே நாலு றபீக்கா. அவர்களின் புருசன்மாரை ஒவ்வொருவராக மனதுக்குள் நிறுத்தி அடித்துக்கொண்டே வண்டி ஓட்டினேன்.

சங்க மண்டபம் நிறைந்து வழிந்தது. மேடை மேசைக்குப் பின்னால் அப்துல் ஸமட் தீர்மானத் தாளோடு இருந்தார். மேசையில் சங்கத்துப் போன். முன் வரிசையில் நல்லரெத்தினம். மழிக்காத தாடி, கசங்கிய வேட்டி, கையில் அந்தப் போன். இருபத்தேழு செய்திக்கும் பக்கத்தில் சிவப்பு அடையாளம் விழுந்த அதே போன். பின்னால் பெரியநீலாவணைக்காரர் ஐந்து பேர் சுவரோடு நின்றார்கள். பர்ஸான் ஒரு மூலையில், கம்பிக்காரர் இரண்டு பேருக்கு நடுவில் நின்றான். வாசலில் ராத்தா சொல்லி அனுப்பியிருந்த பொலிஸ் சார்ஜன்ட்.

"தீர்மானத்துக்கு முந்தி ரெண்டு வார்த்த," என்று ராத்தா எழுந்தார்.

பெட்டி சாகவில்லை, கையால் அணைத்திருக்கிறார்கள் என்றார். பாலமுனைப் பெட்டியின் சாட்சியைச் சொன்னார். மண்டபம் கொதித்தது. "ஆரு? ஆரவன்?" "கம்பனிக்காரந்தான்!" தென்னை மட்டைக்காரர் எழுந்தே நின்றுவிட்டார்.

"கம்பனிக்காரன் இல்ல. நம்மட ஆள். ஆனா இவன் கொலகாரன் இல்ல, அத முதல்ல சொல்லிர்றன்." ராத்தாவின் குரல் தேனாய் இனித்தது. "வியாழக்கிழம கடைசித் தோணி எத்தின மணிக்குக் கரையேறின?"

"ஆறரைக்கு," என்றது ஒரு குரல்.

"ஆறு அம்பதுக்கு அணைச்சிரிக்கான். வெள்ளிக்கிழம முதல் தோணி எத்தினைக்குக் கடல்ல இறங்கின?"

"பின்னேரம் அஞ்சு மணிக்கு."

"நாலு பத்துக்குத் துவக்கியிரிக்கான். பாத்தீங்களா கவனத்த? ஒரு உசிருக்கும் சேதம் வரப்படாது எண்டு மணி பாத்துச் செஞ்சவன். எனக்கு அவனில கோவமே வரல்ல. நல்ல மனுசன் ஒருத்தன்தான் செஞ்சிரிக்கான்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நல்ல மனிதனா? சுலக்சனைச் சாகவிட்டவன் நல்ல மனிதனா? வாயைத் திறந்தேன். ராத்தா செருப்புக் காலால் என் காலை ஏறி மிதித்தார். எலும்பு நொறுங்கியது போல இருந்தது.

மேடையில் அப்துல் ஸமட்டின் தோள் மெல்லத் தளர்ந்தது. தலையை ஆட்டினார்.

"ஓம், அது நியாயமான கத. எவன் செஞ்சானோ, கெட்ட நிய்யத்தில செய்யல்ல. ஒரு நாள் கம்பனி அளந்திட்டுப் போகட்டும், மறுகா போட்டு விடுவம் எண்டு நெனச்சிரிப்பான். வெள்ளிக்கிழம கடல்ல ஒருத்தரும் இல்லதானே."

"நாங்க இருந்தம்."

நல்லரெத்தினம் எழுந்து நின்றார். சத்தம் போடவில்லை.

"நானும் மகனும் இருந்தம். வெள்ளிக்கிழம உங்கட தோணி கரையில நிக்கும், மீனுக்கு நல்ல விலை எண்டு நாங்க வெள்ளி தவறாமப் போறனாங்க. எத்தின வருஷமாப் போறம். உங்கட கரையாலதானே போறம் காக்கா. ஒருத்தரும் இல்லயா?"

எனக்குக் காலின் வலி மறந்துபோனது. றிஸ்லா சொன்ன வெள்ளிக்கிழமையும், கடைசித் தோணியின் ஆறரை மணியும், முதல் தோணியின் ஐந்து மணியும் அப்போதுதான் எனக்கு விளங்கின. மருதமுனைத் தோணிகள் வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்காகக் கரையேறிய பிறகு கடல் வெறுங்கடல் என்று ஒருவர் முடிவெடுத்திருக்கிறார். அந்த வெறுங்கடலில் இருந்தவர்கள் ஜும்ஆ இல்லாத என் ஆட்கள்.

ராத்தாவின் குரலில் இப்போது தேன் இல்லை.

"கம்பனி அளக்க வந்தது உங்களுக்கு எப்படித் தெரியும் காக்கா? நான் இந்த மண்டபத்தில அளக்கிறதப் பத்தி ஒரு சொல்லும் சொல்லல்லயே." மடித்த தாளை விரித்து மேசையில் அடித்தார். "உங்கட பொண்டாட்டி றபீக்கா மச்சிட வளவு. கோபுரம் போடக் குடுத்த விண்ணப்பம். வெள்ளிக்கிழம பெட்டி வேல செய்யாதெண்டு செவ்வாக்கிழமயே சொல்லியிரிக்கி. இனியும் பர்ஸானுக்குத்தானா தீர்மானம்?"

ஸமட் எழ முயன்று, முடியாமல் உட்கார்ந்தார். "ஆரும் மௌத்தாகணும் எண்டு நான் நெனக்கல்ல. அல்லாட மேல சத்தியமா நெனக்கல்ல."

"ஓம், நெனக்கல்லதான். இவங்களை நீங்க நெனச்சே பாக்கல்ல. இவர்ட மகனச் சாவடிச்சதும் நீங்க, மையத்துக்குத் தோள் குடுத்ததும் நீங்க, இந்தப் பொடியனப் பொலிசில குடுக்கத் தாள் எழுதினதும் நீங்க!"

கம்பிக்காரர்கள் மேடைப் பக்கம் திரும்பினார்கள். அவர்களுக்கு முன்னால் நான் பாய்ந்திருப்பேன். ராத்தா என் சட்டையை இறுக்கிப் பிடித்திருந்தார்.

"நானும்தான்டா," என்றார் எனக்கு மட்டும் கேட்கும்படி. "றிஸ்லா வெள்ளிக்கிழமதானே எண்டப்ப நானும் தலையாட்டினன். ரோட்டில பாதித் தூரம் போன புறகுதான் விளங்கின."

நல்லரெத்தினம் ஸமட்டை அடிக்கவில்லை. திட்டவும் இல்லை. கையிலிருந்த போனைப் பார்த்தார். சிவப்பு அடையாளம் விழுந்த கடைசிச் செய்தியைப் பெருவிரலால் தொட்டு, திரும்ப அனுப்பினார்.

மேசையில் சங்கத்துப் போன் சத்தமிட்டது.

"வாசிங்க காக்கா," என்றார் நல்லரெத்தினம்.

ஸமட் போனை எடுத்தார். பார்த்துவிட்டுக் கவிழ்த்து வைக்கப் போனார். ராத்தா அதை அவர் கையிலிருந்து பறித்து மண்டபத்துக்கு முழுதாகக் கேட்கும்படி வாசித்தார்.

"மகனுக்கு ரெத்தம் நிக்குதில்ல. இன்னும் கதைக்கிறான். ஓடி வாங்க."

யாரோ ஒருவர் வாய்விட்டு அழுதார். தென்னை மட்டைக்காரர் மட்டையைக் கீழே போட்டுவிட்டு முகத்தைப் பொத்திக்கொண்டார். சார்ஜன்ட் மேடையேறி ஸமட்டின் தோளில் கை வைத்தார்.

பர்ஸான் மூலையிலிருந்து வந்து நல்லரெத்தினத்தின் முன்னால் நின்றான். "அண்ணன், உங்களுக்கு அதக் கண்ணில காட்டேலாதெண்டா இப்பவே ஏறி இறக்கிர்றன். ஆருட தீர்மானமும் தேவையில்ல."

அவர் அவனை நிமிர்ந்து பார்த்தார். ஆறு நாளில் முதல் தரமாக அவனை முகத்துக்கு முகம் பார்த்திருப்பார்.

"இறக்காத," என்றார். "நாளைக்கு வெள்ளிக்கிழம. எனக்குப் போகேலாது, மகனுக்கு எட்டாம் நாள் சடங்கு. எங்கட ஆக்கள் விடியக் கடலுக்குப் போறாங்க."